சிக்லிட் மீன்: இனம் அறிவோம், இடம் அமைப்போம்

வைகறையில் எழுந்து பால்வெட்டுக்குச் சென்று, நண்பகலுக்குப் பின் இல்லம் திரும்பும் நமக்கு, மனத்திற்கு ஓய்வு தரும் பொழுதுபோக்கு ஒன்று தேவை. கண்ணாடித் தொட்டியில் வண்ண மீன் வளர்ப்பது அத்தகைய நல்ல பொழுதுபோக்குகளுள் ஒன்றாகும். தோட்ட வீடுகள் பலவற்றில் இன்று மீன் தொட்டிகளைக் காண்கிறோம். பிள்ளைகளும் அவற்றை ஆர்வத்தோடு பார்த்து மகிழ்கின்றனர்.

ஆயினும், இவ்வாறு தொடங்கும் முயற்சிகளுள் பல சில வாரங்களிலேயே முடிந்துவிடுகின்றன. வாங்கி வந்த ஐந்து மீன்களுள் நான்கு மாண்டு, எஞ்சிய ஒன்று மட்டும் கொழுத்துத் திரிகிறது. அல்லது விரல் அளவில் இருந்த மீன் ஓராண்டுக்குள் தொட்டிக்கு அடங்காத அளவில் வளர்ந்து நிற்கிறது. அப்போது அதை என்ன செய்வது என்று அறியாமல், அருகிலுள்ள ஓடையில் கொண்டுபோய் விட்டுவிடுவோரும் உண்டு. இதனால் உழைத்துச் சேர்த்த பணம் வீணாகிறது. வாயில்லா உயிர்கள் மடிகின்றன. நம் ஓடைகளுக்கும் கேடு விளைகிறது.

இத்துன்பங்களுக்குப் பெரும்பாலும் காரணமாக இருப்பது சிக்லிட் எனப்படும் ஒரு மீன் குடும்பத்தைப் பற்றிய அறியாமையே ஆகும். கடைகளில் நாம் விரும்பி வாங்கும் ஏஞ்சல், டிஸ்கஸ், ஆஸ்கார், புளோர்ஹார்ன் ஆகிய அனைத்தும் இக்குடும்பத்தைச் சேர்ந்தவையே. அவற்றை இனம் அறிந்து வாங்குவதும், இனத்திற்கேற்ற இடம் அமைத்துக் கொடுப்பதும் எவ்வாறு என்பதை இக்கட்டுரையில் காண்போம்.

சிக்லிட் குடும்பம்

சிக்லிட் மீன்கள் பெரும்பாலும் நன்னீரில் வாழ்பவை. இதுவரை அறிவியலார் பெயரிட்டு விளக்கியுள்ள வகைகள் மட்டும் 1,600க்கும் மேற்பட்டவை. இவற்றின் தாயகம் தென் அமெரிக்கா, மத்திய அமெரிக்கா, ஆப்பிரிக்கா, மடகாஸ்கர் ஆகிய பகுதிகளாகும். ஆசியாவில் மேற்காசியாவின் சில இடங்களிலும், தென்னிந்தியாவிலும், இலங்கையிலும் மட்டுமே இவை இயற்கையாக உள்ளன. கேரளத்தில் பெரிதும் விரும்பி உண்ணப்படும் கரிமீன் ஒரு சிக்லிட் ஆகும். 2010ஆம் ஆண்டில் அது அம்மாநிலத்தின் மாநில மீனாக அறிவிக்கப்பட்டது.

மலேசிய ஆறுகளில் இயற்கையாகத் தோன்றிய சிக்லிட் ஒன்றுகூட இல்லை. இதை நாம் நினைவிற் கொள்ளுதல் வேண்டும். நம் தோட்டக் குளங்களில் நாம் நன்கு அறிந்துள்ள திலாப்பியாவும் வந்தேறிய மீனே. தென்கிழக்கு ஆப்பிரிக்காவைத் தாயகமாகக் கொண்ட அம்மீன், ஜப்பானியர் ஆட்சிக் காலத்தில் (1942–1945) ஜாவாவிலிருந்து மலாயாவுக்குக் கொண்டுவரப்பட்டது. உணவுக்கு வழியின்றி மக்கள் தவித்த அக்காலத்தில் எளிதில் பெருகும் மீன் என்பதால் அது வரவேற்பைப் பெற்றது. எளிதில் பெருகும் அதே இயல்பினால் பின்னர் அது ஆறுகளிலும் குட்டைகளிலும் பரவிவிட்டது.

இக்குடும்பத்தின் தனிச்சிறப்பு, குஞ்சு பேணும் பண்பாகும். மீன்களுள் பெரும்பாலானவை முட்டையிட்டதோடு தம் கடமை முடிந்ததெனச் சென்றுவிடும். சிக்லிட் மீன்களோ முட்டைகளைக் காத்து, குஞ்சுகளையும் கூட்டமாக நடத்திச் செல்லும். திலாப்பியாவின் ஒருவகையும் மலாவி ஏரி மீன்களும் முட்டைகளைத் தாயின் வாய்க்குள்ளேயே வைத்துப் பொரிக்கும். டிஸ்கஸ் மீனோ, தன் தோலில் சுரக்கும் ஒருவகைக் கொழகொழப்பான நீரைக் குஞ்சுகளுக்கு உணவாகத் தருகிறது.

குஞ்சைக் காக்கும் உயிர் தன் எல்லையையும் காக்கும். ஆகவே சிக்லிட் மீன் தன் இடத்திற்குள் நுழையும் பிற மீன்களை விரட்டும், கடிக்கும், சில வேளைகளில் கொன்றும்விடும். இதைத் தீய குணமென்று கொள்ளுதல் பொருந்தாது. இஃது அதன் இயல்பு. அவ்வியல்பை அறிந்து இடம் அமைப்பதே வளர்ப்பவரின் கடமையாகும்.

அடையாளம் காணும் முறை

நிறத்தைக் கொண்டு மட்டும் மீனை அடையாளம் காண முற்படுதல் தவறாகும். சிக்லிட் மீனின் நிறம் வயதுக்கேற்பவும், அச்சம், சினம், இனப்பெருக்கம் ஆகிய நிலைகளுக்கேற்பவும் மாறுகிறது. ஆகவே மாறாத உறுப்புகளை நோக்க வேண்டும்.

முதலாவது, மூக்குத் துளை. நன்னீர் மீன்களுள் பெரும்பாலானவற்றுக்கு முகத்தின் ஒவ்வொரு பக்கத்திலும் இரண்டு துளைகள் இருக்கும். சிக்லிட் மீனுக்கு ஒரு பக்கத்திற்கு ஒரு துளை மட்டுமே உண்டு. கடைத் தொட்டியின் அருகே நின்று பொறுமையுடன் நோக்கினால், சற்றுப் பெரிய மீன்களில் இதனைத் தெளிவாகக் காணலாம்.

இரண்டாவது, பக்கக்கோடு. மீனின் உடலின் நடுவே செவுளிலிருந்து வால் வரை செல்லும் மெல்லிய புள்ளிக் கோட்டினையே பக்கக்கோடு என்கிறோம். நீரின் அசைவை மீன் இதனால்தான் உணர்கிறது. பல மீன்களில் இக்கோடு தொடர்ச்சியாக ஓடும். சிக்லிட் மீனிலோ இது இரண்டாக முறிந்திருக்கும். முன்பகுதி முதுகை ஒட்டி மேலே சென்று முடிய, பின்பகுதி சற்றுக் கீழே தொடங்கி வாலை அடையும்.

மூன்றாவது, துடுப்பு. முதுகுத் துடுப்பு ஒன்றே; அது நீளமானது. அதன் முற்பகுதியில் கூரிய முட்களும், பிற்பகுதியில் மென்மையான கதிர்களும் இடைவெளியின்றி இணைந்திருக்கும். வயிற்றின் பின்புறமுள்ள துடுப்பிலும் மூன்றோ அதற்கு மேற்பட்டோ முட்கள் இருக்கும்.

இம்மூன்றும் ஒருங்கே அமைந்திருப்பின் அது சிக்லிட் என்று கொள்ளலாம். எடுத்துக்காட்டாக, நம் வாய்க்கால்களில் காணும் செப்பாட் மீனுக்கும் ஏஞ்சல் மீனுக்கும் மார்பின் கீழே நூல் போன்ற நீண்ட இழைகள் உள்ளன. இதனால் இரண்டும் ஒரே குடும்பமோ என்ற ஐயம் எழலாம். செப்பாட்டின் முதுகுத் துடுப்பின் அடி குறுகியது. அது நீரின் மேல் வந்து காற்றை விழுங்கும். ஏஞ்சல் மீனின் முதுகுத் துடுப்பு நீண்ட அடியுடன் முள்ளும் கதிரும் இணைந்தது. அதற்கு அவ்வாறு காற்றை விழுங்கும் உறுப்பு இல்லை. ஆகவே இரண்டும் வெவ்வேறு குடும்பம் என அறிகிறோம்.

கடைகளில் காணும் வகைகள்

சிக்லிட் என அறிந்த பின், எவ்வகைச் சிக்லிட் என்பதை அறிய வேண்டும். கடைக்காரரிடம் மூன்று வினாக்களைத் தயங்காமல் கேட்போம். இம்மீனின் பெயர் என்ன? முழு வளர்ச்சியில் எவ்வளவு நீளம் இருக்கும்? இதன் தாயகம் எது? இவற்றுக்கு விடை தெரியாத மீனை வாங்காதிருத்தலே நன்று.

ஏஞ்சல் மீன் தென் அமெரிக்காவின் அமேசான் ஆற்றுப் பகுதிக்குரியது. தட்டையான உடலும், மேலும் கீழும் நீண்ட துடுப்புகளும் கொண்டு முக்கோண வடிவில் தோன்றும். நீளம் 15 சென்டிமீட்டர் வரையிலும், துடுப்புகளோடு சேர்ந்த உயரம் 20 சென்டிமீட்டருக்கு மேலும் இருக்கக்கூடும். ஆகவே இதற்கு உயரமான தொட்டி தேவை. அமைதியானதாகத் தோன்றினும், கப்பி போன்ற சிறு மீன்களை விழுங்கிவிடும்.

டிஸ்கஸ் மீனும் அமேசானைச் சேர்ந்ததே. தட்டுப் போன்ற வட்ட வடிவமுடையது. பினாங்கு இம்மீனின் வளர்ப்புக்குப் பெயர் பெற்ற இடமாகும். இதற்கு 28 முதல் 30 பாகை வெப்பமும், மிகத் தூய்மையான மென்னீரும் வேண்டும். விலையும் அதிகம். புதிதாகத் தொடங்குவோர் இதனைப் பின்னர் வளர்ப்பதே அறிவுடைமை.

ராமிரெசி மீன் கொலம்பியா, வெனிசுவேலா நாடுகளின் ஒரினோக்கோ ஆற்றுப் பகுதிக்குரியது. 5 அல்லது 6 சென்டிமீட்டர் அளவே வளரும். நீலமும் மஞ்சளும் கலந்து மின்னும் இம்மீன் சாதுவானது. சிறிய வீட்டிற்கும் சிறிய தொட்டிக்கும் ஏற்றதெனினும், அழுக்கடைந்த நீரைத் தாங்காது.

கிரிபென்சிஸ் மேற்கு ஆப்பிரிக்காவின் நைஜீரியாப் பகுதியிலிருந்து வந்தது. பெண்மீனின் வயிறு செர்ரிப் பழ நிறத்தில் இருக்கும். 10 சென்டிமீட்டருக்கு மேல் வளர்வதில்லை. குகை போன்ற இடத்தில் முட்டையிடும். உறுதியான உடலமைப்பு உடையதாதலால், புதிதாகத் தொடங்குவோருக்கு நாம் முதலில் பரிந்துரைப்பது இதனையே.

கான்விக்ட் என்பது மத்திய அமெரிக்க மீன். சாம்பல் நிற உடலில் கருப்புப் பட்டைகள் செங்குத்தாக இருப்பதால், பழைய காலத்துக் கைதியின் உடையை ஒத்துள்ளதெனக் கருதி இப்பெயரிட்டனர். 12 சென்டிமீட்டர் அளவுடையதாயினும், குஞ்சு உள்ள காலத்தில் தன்னைவிடப் பெரிய மீன்களையும் விரட்டியடிக்கும். மிக எளிதாக இனம் பெருக்கும்.

ஆஸ்கார் மீனைப் பற்றிச் சிறப்பாக எச்சரிக்க வேண்டும். கடையில் விரல் நீளமே இருக்கும் இதன் குட்டி, பளிங்குக் கல் போன்ற வரிகளுடன் அழகாகத் தோன்றும். வாலின் அடியில் கண் போன்ற வட்டப்புள்ளி வளரும். இது 30 சென்டிமீட்டருக்கும் மேல் வளரக்கூடியது. நன்கு பேணினால் பத்தாண்டுகளுக்கு மேலும் வாழும். இரண்டடித் தொட்டியில் ஆஸ்காரை வைப்பது, வளர்ந்த மனிதனை அலமாரிக்குள் குடியிருக்கச் சொல்வதற்கு ஒப்பாகும்.

புளோர்ஹார்ன் மீன் எந்த ஆற்றிலும் பிறந்ததன்று. 1990களில் நம் நாட்டில் மத்திய அமெரிக்கச் சிக்லிட் வகைகளைக் கலந்து உருவாக்கப்பட்ட கலப்பினம் அது. நெற்றியில் திரண்ட மேடும், உடலில் எழுத்துகள் போன்ற கரும்புள்ளிகளும் கொண்டது. இதுவும் 30 சென்டிமீட்டர் அளவில் வளரும். பெரும்பாலும் தனியாகவே வைக்க வேண்டிய மீன் இது.

மலாவி மீன்கள் ஆப்பிரிக்காவின் மலாவி ஏரியில் வாழ்பவை. பளிச்சிடும் நீலம், மஞ்சள் நிறங்களால் கடல் மீன்களோ என எண்ணத் தோன்றும். பாறைகளுக்கிடையே வாழும் இவற்றுள் ஓர் ஆணுக்குப் பல பெண்கள் என்ற கணக்கில் வைத்தால் சண்டை குறையும். பல வகை பாறைப் பாசியை உண்பவை. ஆகவே புழு, இறைச்சி ஆகியவற்றை மிகுதியாகத் தருதல் கூடாது.

நீரின் இயல்பு

மேற்கூறிய மீன்களின் தாயகத்தை நாம் ஏன் கேட்க வேண்டும்? ஓரிடத்து நீரைப் போல் மற்றோரிடத்து நீர் இராது என்பதே காரணம். இதனை விளங்கிக்கொள்ள ரப்பர் தொழிலாளராகிய நமக்குத் தனிப் பாடம் தேவையில்லை. பாலில் பார்மிக் அமிலத்தைக் கலந்தால் அது உறைகிறது. அமோனியாவைச் சேர்த்தால் உறையாமல் நிற்கிறது. ஒன்று அமிலம், மற்றொன்று காரம். வெளித்தோற்றத்தில் நீர் போன்றே இருக்கும் இவ்விரண்டும் பாலின் தன்மையையே மாற்றிவிடுவதை நாம் அன்றாடம் காண்கிறோம்.

குடிநீரிலும் இவ்வாறே சிறிதளவு அமிலத் தன்மையோ காரத் தன்மையோ உண்டு. அதனை அளக்கப் பயன்படும் எண்ணே பி.எச். அளவு ஆகும். 7 என்பது நடுநிலை. அதற்குக் கீழே செல்லச் செல்ல அமிலம் கூடும். மேலே செல்லச் செல்லக் காரம் கூடும். ஓர் எண் மாறினால் தன்மை பத்து மடங்கு மாறுகிறது என்பதை மறத்தலாகாது. ஆகவே நீரைத் திடீரென மாற்றுவது மீனுக்குப் பேரிடராகும்.

அமேசான், ஒரினோக்கோ பகுதிகளின் பல ஓடைகளில் காட்டு இலைகள் ஊறுவதால் நீர் மென்மையாகவும் சிறிது அமிலமாகவும் இருக்கிறது. டிஸ்கஸ், ராமிரெசி ஆகியவற்றுக்கு 6 முதல் 7 வரையிலான பி.எச். அளவு ஏற்றது. மலாவி ஏரியிலோ நீர் கடினமானது, பி.எச். அளவு 8ஐ ஒட்டி இருக்கும். அதே ஆப்பிரிக்காவின் தங்கனிக்கா ஏரியில் அது 9ஐயும் எட்டும். எனவே ராமிரெசியையும் மலாவி மீனையும் ஒரே தொட்டியில் விடுவோமானால், இரண்டில் ஒன்று துன்புறுவது உறுதி.

பி.எச். அளவை அறியும் தாள்கள் மீன் கடைகளில் கிடைக்கின்றன. நீர் மென்மையானதா கடினமானதா என்பதைச் சோப்பைக் கொண்டே ஓரளவு அறியலாம். நன்கு நுரைத்தால் மென்னீர். நுரைக்கத் தயங்கினால் கடின நீர். நம் நாட்டில் குழாய் நீர் பெரும்பாலும் மென்மையானது. கிந்தா பள்ளத்தாக்கு, பெர்லிஸ் போன்ற சுண்ணாம்புக் குன்றுகள் உள்ள இடங்களில் கிணற்று நீர் கடினமாக இருக்கக்கூடும்.

மலாவி மீன் வளர்ப்போர் சுண்ணாம்புக் கல்லையும் பவளத் துண்டுகளையும் தொட்டியில் இட்டால் நீர் மெல்ல மெல்லக் கடினமடையும். அமேசான் மீன் வளர்ப்போர் அவற்றை அறவே தவிர்க்க வேண்டும். ஒரு கல் சுண்ணாம்புக் கல்லா என்பதை அறிய, அதன் மீது சில துளி காடியை விடலாம். நுரை பொங்கினால் அது சுண்ணாம்புக் கல். கெத்தாப்பாங் எனப்படும் வாதுமை மரத்தின் காய்ந்த இலைகளை நன்கு கழுவி இட்டால், அமேசான் மீன்களுக்கு ஏற்ற பழுப்பு நிறமும் சிறிதளவு அமிலத் தன்மையும் நீருக்கு உண்டாகும்.

தொட்டியும் தாங்கியும்

ஒரு கனசதுர நீர்க்கொள்ளளவை அறிவது எளிது. தொட்டியின் நீளம், அகலம், உயரம் ஆகியவற்றைச் சென்டிமீட்டரில் பெருக்கி 1,000ஆல் வகுத்தால் லிட்டர் கணக்குக் கிடைக்கும். 60 சென்டிமீட்டர் நீளமும், 30 அகலமும், 30 உயரமும் உள்ள இரண்டடித் தொட்டி 54 லிட்டர் கொள்ளும். ஒரு சோடி கிரிபென்சிஸ் அல்லது ஒரு சோடி ராமிரெசிக்கு இது போதும். 90க்கு 45க்கு 45 அளவுள்ள மூன்றடித் தொட்டி ஏறத்தாழ 180 லிட்டர் கொள்ளும்; ஏஞ்சல் மீன்களுக்கோ ஒரு சோடி கான்விக்டுக்கோ இஃது ஏற்றது. மலாவி மீன் கூட்டத்திற்கு நான்கடி நீளம் வேண்டும். ஆஸ்காருக்கும் புளோர்ஹார்னுக்கும் நான்கடி நீளத்தோடு இரண்டடி அகலமும் இருத்தல் நன்று. அவை திரும்புவதற்கே அவ்வளவு அகலம் தேவைப்படும்.

ஒரு லிட்டர் நீர் ஒரு கிலோகிராம் எடை உள்ளது. ஆகவே மூன்றடித் தொட்டி, கண்ணாடியும் கல்லும் சேர்ந்து 200 கிலோவைத் தாண்டிவிடும். அதனைப் பழைய மேசையின் மீதோ ஆட்டம் காணும் பலகையின் மீதோ வைத்தலாகாது. சமதளமான சிமெந்துத் தரையில், உறுதியான இரும்புத் தாங்கியின் மீது வைத்து, தொட்டிக்கு அடியில் மெல்லிய நுரைத் தகடு ஒன்றை விரிக்க வேண்டும். சிறு பிள்ளைகள் பற்றி ஏறாதவாறு சுவரோரமாக அமைத்தல் நன்று.

வெயில் நேராக விழும் சன்னலருகே தொட்டியை வைக்க வேண்டாம். பாசி படர்வதோடு, பிற்பகலில் நீர் சூடேறும். நீர் சூடேறச் சூடேற அதில் கரைந்துள்ள உயிர்வளி குறையும். மீன்கள் மேலே வந்து வாயைத் திறந்து மூச்சுக்குத் திணறும்.

மின்சாரத்தில் மிகுந்த கவனம் தேவை. தொட்டிக்குள் கைவிடும் முன் எல்லாச் சுவிட்சுகளையும் அணைத்துவிட வேண்டும். மின்கம்பி வழியே வடியும் நீர் பிளக்கை அடையாதவாறு, கம்பியைப் பிளக்கிற்குக் கீழே தொங்கவிட்டுப் பின் மேலேற்றிச் செருக வேண்டும்.

எல்லையும் மறைவிடமும்

சிக்லிட் தொட்டியை அலங்கரிப்பது அழகுக்காக மட்டுமன்று, அமைதிக்காகவும் ஆகும். ஒன்றையொன்று காணாதவாறு கற்களாலும் கட்டைகளாலும் தொட்டியைப் பகுத்தால், ஒவ்வொரு மீனும் தனக்கென ஓர் எல்லையை வகுத்துக்கொண்டு அடங்கியிருக்கும். திறந்த வெளியாக விட்டால், வலிய மீன் தொட்டி முழுவதையும் தனதாக்கிக்கொண்டு மற்றவற்றை மூலைக்கு விரட்டிவிடும். புதிய மீனைச் சேர்க்கும்போது கற்களின் இடத்தைச் சற்று மாற்றி வைத்தால் பழைய எல்லைகள் அழிந்து, வந்த மீனுக்கும் இடம் கிடைக்கும்.

கற்களை மணலின் மீது அடுக்காமல், முதலில் தொட்டியின் அடித்தளத்தில் நிறுத்தி, பின்னரே மணலைப் பரப்ப வேண்டும். சிக்லிட் மீன்கள் மணலைத் தோண்டும் பழக்கமுடையவை. மணல் சரிந்தால் கல் விழுந்து கண்ணாடி உடையும்.

கிரிபென்சிஸ் போன்றவற்றுக்குக் குகை அமைக்கப் புதிய மண் பூச்சட்டி ஒன்றைக் கவிழ்த்து வைக்கலாம். தேங்காய்ச் சிரட்டையை நார் நீக்கி, பலமுறை நீர் மாற்றிக் கொதிக்கவைத்தும் பயன்படுத்தலாம். ரப்பர் மரக்கட்டையைப் போடலாகாது. அது விரைவில் பூஞ்சணம் பிடித்து அழுகி நீரைக் கெடுக்கும். பால் எடுத்த பழைய மங்கும் இதற்கு ஆகாது.

அமோனியா என்னும் எதிரி

பாலைக் காக்கும் அமோனியா மீனைக் கொல்லும். இதனை நாம் வெளியிலிருந்து ஊற்ற வேண்டியதில்லை. மீனின் கழிவிலிருந்தும் எஞ்சிய உணவிலிருந்தும் அது தானே உண்டாகிறது. இயற்கை இதற்கு ஒரு மாற்றும் வைத்துள்ளது. வடிகட்டியிலும் கற்களிலும் குடியேறும் நுண்ணுயிர்கள் அமோனியாவை நைட்ரைட்டாகவும், நைட்ரைட்டை அத்துணைத் தீங்கற்ற நைட்ரேட்டாகவும் மாற்றுகின்றன. இந்நுண்ணுயிர்கள் பெருகுவதற்கு ஏறத்தாழ நான்கு முதல் ஆறு வாரங்கள் ஆகும். புதிய தொட்டியில் முதல் நாளே பத்து மீன்களை விடுவோர் அவற்றை இழப்பது இதனால்தான். ஒரு சோடியுடன் தொடங்கிப் பொறுமையுடன் கூட்ட வேண்டும்.

வாரத்திற்கு ஒருமுறை கால்பங்கு நீரை மாற்றுவது போதும். முழுவதையும் மாற்றுதல் தவறு. வடிகட்டிப் பஞ்சைக் குழாய் நீரில் கழுவினால் குளோரினால் நல்ல நுண்ணுயிர்கள் மடியும். தொட்டியிலிருந்து எடுத்த நீரிலேயே அதனை அலச வேண்டும். உணவை ஒரு நாளைக்கு இருமுறை, இரண்டு மூன்று நிமிடங்களில் தின்று தீர்க்கும் அளவே இட வேண்டும்.

குழாய் நீரை வாளியில் ஒரு நாள் வைத்திருந்தால் குளோரின் அகலும். ஆயின் குளோரமின் சேர்த்த நீருக்கு இது போதாது. ஆகவே கடைகளில் கிடைக்கும் குளோரின் நீக்கும் மருந்தை அளவாகச் சேர்ப்பது பாதுகாப்பானது. நீர் பிடித்து வைக்கும் வாளியைத் துணியாலோ மூடியாலோ இறுக மூடுவது நம் கடமை. திறந்த வாளியில் ஏடிஸ் கொசு முட்டையிடும். கொசு பெருக இடந்தருவது, நோய் பரப்பும் பூச்சிகளை ஒழிக்கும் 1975ஆம் ஆண்டுச் சட்டத்தின்கீழ்க் குற்றமாகும்.

தோட்டத்தில் வாழும் நாம் வேறு சில எச்சரிக்கைகளையும் மேற்கொள்ள வேண்டும். பால் வாளியையோ, அமிலமும் அமோனியாவும் புழங்கிய பாத்திரத்தையோ மீனுக்குப் பயன்படுத்தக்கூடாது. களைக்கொல்லி தெளித்துத் திரும்பியவர் கைகளைச் சோப்பிட்டுக் கழுவாமல் தொட்டியைத் தொடக்கூடாது. உரமும் மருந்தும் கலக்கும் வாய்க்கால் நீரையும், துத்தநாகத் தகரக் கூரையிலிருந்து வடியும் நீரையும் ஊற்றுதல் ஆகாது. கொசுப்புகை அடிக்க வருவதாக அறிவிப்பு வந்தால், தொட்டியை ஈரத்துணியால் மூடி, காற்றுப் பம்பைச் சற்று நேரம் நிறுத்திவைக்க வேண்டும். புகை கலைந்ததும் பம்பை மறவாமல் இயக்குதல் வேண்டும்.

ஓடையில் விடலாகாது

இறுதியாக, எல்லாவற்றிலும் முதன்மையான ஒன்றைக் கூறுகிறோம். வேண்டாத சிக்லிட் மீனை ஆற்றிலோ, ஓடையிலோ, ஈயக்குட்டையிலோ ஒருபோதும் விடலாகாது.

ஆப்பிரிக்காவின் விக்டோரியா ஏரியில் நிகழ்ந்ததை இங்கு நினைவுகூர்வோம். அவ்வேரியில் பல நூறு வகைச் சிறு சிக்லிட் மீன்கள் வாழ்ந்து வந்தன. 1950களில் நைல் பெர்ச் என்னும் பெரிய மீனை வெளியிலிருந்து கொண்டுவந்து அதில் விட்டனர். 1980களில் அது பெருகியபோது, அங்கு மட்டுமே வாழ்ந்த சிக்லிட் வகைகளுள் ஏறத்தாழ 200 மறைந்துபோயின என ஆய்வாளர் கணிக்கின்றனர். ஒரே ஒரு வேற்று மீனால் விளைந்த கேடு இது.

அங்கே வேற்று மீனால் அழிந்தது சிக்லிட். இங்கே வேற்று மீனாக வந்து நிற்பதே சிக்லிட். நம் நாட்டின் பழைய ஈயக்குட்டைகளிலும் நீர்த்தேக்கங்களிலும், அமேசானைச் சேர்ந்த பீக்காக் பாஸ் எனும் பெரிய சிக்லிட் குடியேறி, சிறு மீன்களை வேட்டையாடி வருகிறது. ஓய்வு நாளில் தூண்டிலோடு செல்லும் நமக்கும் நம் பிள்ளைகளுக்கும் இதுகாறும் கிடைத்து வந்த ஹாருவான், புயு, கெலி, செப்பாட் ஆகியவற்றின் முட்டைகளுக்கும் குஞ்சுகளுக்கும் இத்தகைய மீன்கள் பகையாகின்றன. தன் குஞ்சைக் காத்து வளர்க்கும் பண்பு தொட்டியில் நமக்கு அழகிய காட்சி. ஓடையிலோ அதே பண்பு அதனை வெல்ல முடியாத படையாக்கிவிடுகிறது. கூட்டுக் குடும்பமாகப் பெருகும் கான்விக்ட் ஒரு சோடி போதும், ஒரு குட்டையை நிரப்ப.

மீனைக் கொல்ல மனமின்றி, உயிர் பிழைக்கட்டும் என்ற இரக்கத்தாலேயே பலரும் ஓடையில் விடுகின்றனர் என்பதை நாம் அறிவோம். அவ்விரக்கம் போற்றத்தக்கதே. ஆனால் ஓருயிருக்குக் காட்டும் இரக்கம் ஓடையின் ஓராயிரம் உயிர்களுக்குக் கேடாக முடிவதை எண்ணிப் பார்க்க வேண்டும். வளர்க்க இயலாத மீனை வாங்கிய கடையிலேயே திருப்பிக் கொடுக்கலாம். பெரிய தொட்டி வைத்திருக்கும் நண்பரிடம் ஒப்படைக்கலாம். வழி தெரியாதபோது மாவட்ட மீன்வளத் துறை அலுவலகத்தை அணுகி ஆலோசனை கேட்கலாம். தொட்டி நீரையும் செடிகளையும்கூட வாய்க்காலில் கொட்டாமல், நீரை மரத்தடியில் ஊற்றி, செடிகளைக் காயவைத்து அப்புறப்படுத்த வேண்டும். மீன் கழிவு கலந்த அந்நீர் காய்கறிப் பாத்திக்கு நல்ல உரமாகும்.

மீன் வளர்ப்பு என்பது பணக்காரருக்கு மட்டும் உரிய பொழுதுபோக்கன்று. ஒரு சோடி கிரிபென்சிஸ், ஓர் இரண்டடித் தொட்டி, ஒரு சிறு வடிகட்டி, கவிழ்த்து வைத்த ஒரு மண்சட்டி ஆகியவை இருந்தால் போதும். சில திங்களில், தாயும் தந்தையும் முன்னும் பின்னுமாகக் காவல் வர, குஞ்சுகள் கூட்டமாக நீந்தும் காட்சியை நம் பிள்ளைகள் காண்பர். பெயரறிந்து வாங்குதல், தாயகமறிந்து நீரமைத்தல், வளர்ச்சியறிந்து தொட்டி தேர்தல், ஓடையில் விடாதிருத்தல் ஆகிய நான்கையும் கடைப்பிடிப்போமாயின், வீட்டிலுள்ள மீனும் வாழும். வெளியிலுள்ள மீனும் வாழும்.